பறிக்கப்படாத செல்வம்

எல்லாப் புகழும் வல்ல அல்லாஹ்வுக்கே உரியது. ஸலாத்தும் ஸலாமும் எங்கள் தலைவர் முஹம்மத் நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

  

உங்களிடம் ஒரு கேள்வியுடன் இவ்வுரையை ஆரம்பிக்கின்றேன். உங்கள் தெருவில் வாழும் செல்வந்தர் யார் என்று ஒரு வழிப்போக்கர் கேட்டால் நீங்கள் எந்த வீட்டைச் சுட்டிக்காட்டுவீர்கள்? மாடி கட்டிய வீட்டையா? முற்றத்தில் வாகனம் நிற்கும் வீட்டையா? மாதந்தோறும் வெளிநாட்டிலிருந்து பணம் வரும் வீட்டையா? யாழ்ப்பாணத்தில் வாழும் நாம் இக்கேள்விக்குத் தயக்கமின்றிப் பதில் சொல்லிவிடுவோம். இத்தனை பரப்புக் காணி, இத்தனை பவுண் நகை, இத்தனை கடைகள் என்று விரல் மடித்து எண்ணியும் காட்டுவோம்.

இந்தக் கணக்கு பிழையானது என்று நான் கூறவில்லை. ஹலாலான வழியில் பொருளீட்டுவதை இஸ்லாம் ஊக்குவிக்கின்றது. ஸஹாபாக்களில் பெரும் வணிகர்கள் இருந்தார்கள். ஆயினும் இக்கணக்கு முழுமையானதா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய விடயமாகும்.

அரபு மொழியில் செல்வத்தைக் குறிக்கும் சொற்களில் ஒன்று 'கினா' என்பதாகும். அதன் அடிப்படைப் பொருள் தேவையற்றிருத்தல் என்பதே. பிறரிடம் தேவையற்றவனே செல்வந்தன். ஆகவேதான் எவரிடமும் எத்தேவையுமற்ற அல்லாஹ்வுக்கு 'அல்கனிய்யு' என்ற திருநாமம் பொருந்தியது. பொருட்கள் பெருகியிருப்பது உண்மையான செல்வமன்று, உள்ளம் போதுமென்றிருப்பதே செல்வம் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் போதித்ததாக அபூ ஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ், புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. இதனை நாம் பலமுறை கேட்டிருக்கின்றோம். கேட்டுத் தலையசைத்துவிட்டுக் காணிக் கணக்குக்கே திரும்பியும் இருக்கின்றோம்.

அன்பர்களே! ஒரு மனிதனின் செல்வம் எது என்பது அவனிடமிருந்து யாவும் பறிக்கப்படும் நாளில்தான் தெரிய வரும். அத்தகைய நாளொன்று இம்மண்ணில் எம் சமூகத்துக்கு வந்தது.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 30 ஆம் திகதி. சோனகத்தெருவிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் ஒலிபெருக்கி அறிவித்தல் கேட்டது. முஸ்லிம்கள் யாவரும் ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்தில் ஒன்றுகூட வேண்டும் என்பதே அவ்வறிவித்தல். அங்கு கூடியவர்களிடம் இரண்டு மணித்தியாலங்களில் ஊரைவிட்டு வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் இயக்கம் கட்டளையிட்டது. வழியில் நகைகளும் பணமும் உடைமைகளும் பறிக்கப்பட்டன. உடுத்த உடையும் கையில் சிறிதளவு காசுமே எஞ்சின. அந்த ஒக்டோபர் மாதத்தில் மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாணம் ஆகிய மாவட்டங்களிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் அகதிகளாகத் தஞ்சமடைந்தார்கள். 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நடைபெற்ற செய்தியாளர் சந்திப்பில் அவ்வியக்கத்தின் தலைமை இச்செயலுக்காக வருத்தம் தெரிவித்தது. இவை யாவும் வரலாறு.

பழைய காயத்தைக் கிளறுவது என் நோக்கமன்று. அந்த மைதானத்தில் நின்றவர்களில் இரும்பு வணிகர் இருந்தார், நகைக்கடைக்காரர் இருந்தார், லொறி உரிமையாளர் இருந்தார், நாட்கூலிக்காரரும் இருந்தார். காலையில் அவர்களிடையே ஏற்றத்தாழ்வு இருந்தது. மாலையில் அவர்கள் யாவரும் வெறுங்கையர்கள். அப்படியாயின், அன்று மாலை அவர்களுள் செல்வந்தர் யார்?

இக்கேள்விக்கு நூல்களில் விடை தேடுவதற்கு முன்பே என் வீட்டில் அதற்கான விடை இருந்தது. அதனை இன்று உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

என் வாப்பா ஒரு தையல்காரர். ஐந்துசந்திக்கு அருகில் ஒரு சிறிய கடையில் இரண்டு தையல் இயந்திரங்களை வைத்துத் தொழில் செய்து வந்தார். அன்று வெளியேறும்போது உம்மாவின் வயிற்றில் நான் இருந்தேன். 1991 ஜனவரியில் புத்தளத்தில் ஓர் ஓலைக் கொட்டிலில் பிறந்தேன். ஆகவே அந்த நாளை நான் கண்டதில்லை. கண்டவர்களின் வாயிலிருந்து கேட்டே வளர்ந்தேன்.

வாப்பா தான் இழந்தவற்றைப் பற்றி அதிகம் பேசியதில்லை. தையல் இயந்திரங்களைப் பற்றியோ வீட்டைப் பற்றியோ அவர் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு விடயம் அவரை வாட்டியது. அன்று அவரது கடையில் வாடிக்கையாளர்கள் தைக்கக் கொடுத்த துணிகள் இருந்தன. வெட்டியவை, வெட்டாதவை, பொத்தான் மட்டும் வைக்க வேண்டியவை எனப் பல. பலர் முற்பணமும் கொடுத்திருந்தார்கள். கணக்கெழுதிய கொப்பி கடையிலேயே தங்கிவிட்டது.

அகதி முகாமுக்கு வந்து சில நாட்களில் வாப்பா ஒரு காரியம் செய்தார். நிவாரணப் பொருள் சுற்றி வந்த தாளொன்றை எடுத்து, நினைவிலிருந்து பெயர்களை எழுதத் தொடங்கினார். யார், எந்த ஊர், என்ன துணி, எத்தனை யார், எவ்வளவு முற்பணம் என்று ஒவ்வொன்றாக எழுதினார். மறந்தவற்றை உம்மா நினைவூட்டினார். பதினான்கு பெயர்கள். அவர்களில் ஒருவரைத் தவிர ஏனைய யாவரும் தமிழ்ச் சகோதரர்கள்.

முகாமில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அடுத்த வேளைச் சோற்றுக்கு வரிசையில் நிற்பவன் கடன் பட்டியல் எழுதுகின்றானே என்றார்கள். இன்னும் சிலர் கோபித்தார்கள். நம்மைத் துரத்திய ஊருக்கா நீ கணக்குத் தீர்க்கப் போகின்றாய் என்று கேட்டார்கள். அதற்கு வாப்பா சொன்ன பதிலை உம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கின்றார். "துரத்தியவர்கள் வேறு, துணி தந்தவர்கள் வேறு. என் சாமான் போனது போகட்டும். அவர்களுடைய துணி என் சாமான் அல்லவே" என்றாராம்.

நிற்க. 2002 ஏப்ரலில் ஏ9 வீதி யாழ்ப்பாணம் வரை திறக்கப்பட்டது. அதே ஆண்டில் வாப்பா என்னையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டார். அப்போது எனக்குப் பதினொரு வயது. எங்கள் வீட்டைப் பார்க்கப் போகின்றோம் என்றே நான் நினைத்தேன். கூரையும் கதவு நிலைகளும் இல்லாத அந்த வீட்டின் முன்னால் சற்று நேரமே நின்றோம். பின்னர் வாப்பா சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். பொலித்தீன் உறையிலிட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் பாதுகாத்திருந்தார்.

தேடுவது இலகுவாக இருக்கவில்லை. ஏனெனில் 1995 ஆம் ஆண்டு, அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, எங்கள் வெளியேற்றம் நிகழ்ந்து சரியாக ஐந்தாண்டுகள் நிறைவுற்ற அந்நாளில், வலிகாமத்துத் தமிழ் மக்களும் ஒரே இரவில் வீடு வாசல்களை விட்டுத் தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தார்கள். மழையில் நனைந்து, சனநெரிசலில் பாலத்தைக் கடந்து, முதியோரையும் குழந்தைகளையும் சுமந்து சென்றார்கள். அவர்களில் பலர் திரும்பினார்கள், பலர் திரும்பவில்லை. இதனை அறிந்தபோது வாப்பா தெருவோரத்தில் அமர்ந்துவிட்டார். "அவர்களும் எங்களைப் போலத்தான் போயிருக்கின்றார்கள்" என்று மட்டும் சொன்னார்.

கொக்குவிலில் ஒரு வீட்டைக் கண்டுபிடித்தோம். வயதான ஒரு தாய் வெளியே வந்தார். அவருடைய மகனுக்காகத் தைக்கக் கொடுத்த ஒரு காற்சட்டைத் துணியும் நாற்பது ரூபாய் முற்பணமும் தாளில் எழுதப்பட்டிருந்தன. மகன் வெளிநாடு போய்ப் பல ஆண்டுகளாகியிருந்தன. வாப்பா யாரென்று அறிந்ததும் அந்தத் தாய் நெடுநேரம் எதுவும் பேசவில்லை. பின்னர், "தம்பி, உங்களை அனுப்பேக்க நாங்கள் வேலிக்குள்ள நிண்டு பாத்துக்கொண்டுதான் இருந்தனாங்கள். நீங்கள் எனக்குக் காசு கொண்டு வந்து நிக்கிறியள்" என்றார். அவருடைய கை நடுங்கியது.

வாப்பா முற்பணத்தையும், துணிக்கு அன்றைய சந்தை விலையையும் கணக்கிட்டு நீட்டினார். அந்தத் தாய் நாற்பது ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டார். "தைக்காத வேலைக்குத் தந்த காசு, அதை வாங்கிறன். துணி உங்கட பிழையால போகேல்லை. அதுக்கு நான் வாங்கக்கூடாது" என்று கூறி எங்களுக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

அன்பர்களே! பல ஆண்டுகளின் பின்னர் நான் அரபுக் கல்லூரியில் பிக்ஹுச் சட்ட நூல்களைக் கற்றேன். கூலிக்கு வேலை செய்பவரின் கையில் ஒப்படைக்கப்பட்ட பொருள் பற்றிய பாடம் வந்தது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்தின்படி, தையல்காரரிடம் இருக்கும் துணி அமானிதமாகும். அவரது கவனக்குறைவோ வரம்புமீறலோ இன்றி அது அழிந்தால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஆனால் செய்யாத வேலைக்குப் பெற்ற முற்பணம் அவர் மீது கடனாகவே இருக்கும். ஆசிரியர் இதனை விளக்கியபோது நான் கொக்குவில் வீட்டையே நினைத்தேன். எந்தக் கிரந்தத்தையும் ஓதாத ஒரு தமிழ்த் தாய், வாசற்படியில் நின்றபடி இதே தீர்ப்பைத்தான் வழங்கியிருந்தார்.

விடுமுறையில் வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் கூறினேன். துணிக்கு நீங்கள் பொறுப்பில்லை, மார்க்கம் உங்களை விட்டுவிட்டது என்றேன். அவர், "மார்க்கம் விட்டது அல்லாஹ்வின் ரஹ்மத். ஆனால் என்னை நம்பித் தந்தவர் வெறுங்கையோடு போனாரே, அதற்கு நான் என்ன செய்வேன்?" என்று கேட்டார். ஏழாண்டு கற்ற எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தை நினைத்துப் பாருங்கள். மக்காவின் குறைஷியர் அன்னாரைக் கொலை செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். அதே குறைஷியரே தம் பெறுமதியான பொருட்களை அன்னாரிடம் அமானிதமாகவும் வைத்திருந்தார்கள். இரவோடிரவாக ஊரைவிட்டுப் புறப்பட்ட வேளையிலும் அன்னார் அப்பொருட்களை மறக்கவில்லை. அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருமாறு அலி (ரலி) அவர்களை மக்காவில் விட்டுச் சென்றார்கள். தம்மைத் துரத்துகின்றவர்களின் பொருள் என்பதற்காக அமானிதம் தன் தன்மையை இழந்துவிடவில்லை.

ஸுஹைப் (ரலி) அவர்களின் வரலாற்றையும் பாருங்கள். அவர் மக்காவுக்கு ஏழையாக வந்து உழைத்துப் பொருள் சேர்த்தவர். ஹிஜ்ரத் செய்யப் புறப்பட்டபோது குறைஷியர் வழிமறித்தார்கள். எம் ஊரில் சேர்த்த பொருளோடு போகவிட மாட்டோம் என்றார்கள். அவர் பொருள் இருக்கும் இடத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வெறுங்கையுடன் மதீனா வந்து சேர்ந்தார். அவரது வணிகம் இலாபமடைந்துவிட்டது என்றே நபி (ஸல்) அவர்கள் அவரை வரவேற்றார்கள். அனைத்தையும் இழந்து வந்த ஒருவரை இலாபமடைந்தவர் என்று கணக்கிட்ட அந்தக் கணக்குப் புத்தகம் நம்முடையதிலிருந்து எவ்வளவு வேறுபட்டது!

இத்தகைய கணக்கு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதா? இல்லை. அல்லாஹ் மனித குலம் முழுவதன் இயல்பிலும் இதனை விதைத்திருக்கின்றான். நம் தீபகற்பத்தவர் பலர் இன்று கனடாவில் வாழ்கின்றார்கள். அந்நாட்டின் வட எல்லையிலும், அலாஸ்காவிலும், கிரீன்லாந்திலும் இனுயிட் என்னும் மக்கள் வாழ்கின்றார்கள். நம் பழைய பாடநூல்கள் அவர்களை எஸ்கிமோக்கள் என்றழைத்தன. ஆண்டின் பெரும்பகுதி பனி மூடிய அந்நிலத்தில் நெல்லும் இல்லை, பனையும் இல்லை. கடல்நாயையும் மீனையும் கலைமானையும் வேட்டையாடியே அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தார்கள்.

அங்கே ஒரு வேட்டைக்காரர் கடல்நாயைப் பிடித்தால் அதனைத் தம் வீட்டில் பதுக்கி வைப்பதில்லை. நெட்சிலிக் எனும் பிரிவினரிடையே ஒவ்வொருவருக்கும் நிலையான பங்காளிகள் இருந்தார்கள். கடல்நாயின் இன்ன பாகம் இன்னாருக்கு என்பது முன்னரே நிர்ணயமாகியிருந்தது. இன்று கிடைத்தவர் கொடுப்பார். நாளை அவருக்குக் கிடைக்காதபோது பெறுவார். சேர்த்து வைத்தவருக்கு அங்கே மதிப்பில்லை. பகிர்ந்து கொடுத்தவரே மதிக்கப்பட்டார்.

ஜீன் பிரிக்ஸ் என்ற மானுடவியல் ஆய்வாளர் 1963 ஆம் ஆண்டில் கனடாவின் வடபகுதிக்குச் சென்று, உட்கு என்னும் இனுயிட் பிரிவினரின் ஒரு குடும்பத்தில் வளர்ப்பு மகளாகத் தங்கி வாழ்ந்தார். தாம் கண்டவற்றை 1970 இல் நூலாக வெளியிட்டார். அம்மக்களின் மொழியில் 'இசுமா' என்றொரு சொல் உண்டு. அறிவு, நிதானம், தன்னைத் தான் அடக்கியாளும் பக்குவம் ஆகிய யாவற்றையும் அது குறிக்கும். குழந்தையிடம் அது இல்லை, வளர வளரவே உண்டாகும் என்பது அவர்களின் நம்பிக்கை. கோபத்தில் வெடிப்பவர் எத்தனை வயதினராயினும் குழந்தையாகவே கருதப்படுவார். ஒருமுறை வெளியிலிருந்து வந்த மீன்பிடிப் பயணிகள் அம்மக்களின் படகை இரவல் வாங்கிப் பழுதாக்கிவிட்டார்கள். அக்குடும்பத்தாருக்காகப் பரிந்து அந்த ஆய்வாளர் கோபத்துடன் பேசினார். நியாயம் அவர் பக்கமே இருந்தது. எனினும் அவர் கோபப்பட்டுவிட்டார் என்பதற்காக அம்மக்கள் பல வாரங்கள் அவரிடமிருந்து மௌனமாக ஒதுங்கிக்கொண்டார்கள். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் பலசாலியல்லன், கோபத்தின்போது தன்னை அடக்குபவனே பலசாலி என்ற நபிமொழியின் கருத்தை, அதனைச் செவியுற்றிராத ஒரு சமூகம் தன் அன்றாட வாழ்வில் அனுசரித்திருக்கின்றது.

அம்மக்களுக்கென 1999 ஏப்ரல் 1 ஆம் திகதி கனடாவில் நூனவுட் என்ற ஆட்சிப்பகுதி உருவாக்கப்பட்டது. அதன் அரசாங்கம் தன் வழிகாட்டு நெறிகளாகத் தம் மூதாதையரின் விழுமியங்களையே ஏற்றுக்கொண்டது. பிறரை மதித்தல், பிறருக்குச் சேவை செய்தல் என்பன அவற்றுள் அடங்கும். கடுங்குளிரில் தனித்து நிற்பவன் இறந்துபோவான். அங்கே நற்குணம் ஓர் அலங்காரமன்று, உயிர் வாழ்வதற்கான முதலாகும். 1990 இல் புத்தளத்து மக்கள் தம் தோட்டங்களையும் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் எங்களுக்குத் திறந்துவிட்டபோது, எங்கள் உயிரைக் காத்ததும் இதே முதல்தான்.

நம் மண்ணிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1911 ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கற்றவர். 1935 இல் இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதலாவது முஸ்லிம். அக்காலத்தில் அதைவிட உயர்ந்த உத்தியோகம் ஓர் இலங்கையருக்கு அரிது. ஆனால் 1948 இல் அப்பதவியைத் துறந்து கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். வறிய முஸ்லிம் மாணவர்கள் உயர்கல்வி பெறுவதற்காக 1945 இல் புலமைப்பரிசில் நிதியம் ஒன்றையும் நிறுவியிருந்தார். 1973 இல் அவர் மறைந்தார். அவருடைய சம்பளம் எவ்வளவென்று இன்று எவரும் கேட்பதில்லை. அவரால் கற்றவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்றும் இருக்கின்றார்கள்.

நேயர்களே! இவ்வளவும் கூறிய நான் இப்போது என் குறையையும் கூறியாக வேண்டும். மிம்பரில் நின்று பிறருக்கு உபதேசிப்பது இலகு.

வாப்பா 2018 இல் வபாத்தானார். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாத் தொழுகைக்கு முன்னர், இவருக்குக் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வாரிசுகளிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று நானே அறிவித்தேன். எவரும் வரவில்லை. சில மாதங்கள் கழிந்தன. யாழ்ப்பாணத்தில் எஞ்சியிருந்த ஒன்றரைப் பரப்புக் காணியைப் பற்றிய பேச்சு வந்தது. விற்றுப் பணத்தைப் பிரிக்க வேண்டும் என்றார் நானா. மீள்குடியேறி இங்கு கற்பிக்க வந்திருந்த நான், எனக்கே அது வேண்டும் என்றேன். வார்த்தைகள் தடித்தன. ஒரே வயிற்றில் பிறந்த நாங்கள் ஐந்து மாதங்கள் ஸலாம் கூடச் சொல்லிக்கொள்ளவில்லை.

இதனைவிடப் பெரிய வெட்கம் ஒன்றுண்டு. எங்களுக்கு ஒரு ராத்தா இருக்கின்றார். இருவரும் காணியைப் பற்றிச் சண்டையிட்டோமே தவிர, ராத்தாவின் பங்கைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அவர் விட்டுத் தந்துவிடுவார் என்று இருவரும் மனத்துள் எண்ணிக்கொண்டோம். வாரிசுரிமைப் பாடத்தை மாணவர்களுக்குப் பலகையில் எழுதிக் கற்பிக்கும் நான், என் வீட்டில் அப்பாடத்தை மறந்திருந்தேன். மறந்தேன் என்பது கூட உண்மையன்று. எனக்கு வசதியாக இருந்தமையால் மௌனமாயிருந்தேன்.

ஒருநாள் உம்மா எங்கள் மூவரையும் அழைத்தார். பெட்டியிலிருந்து பொலித்தீன் உறையிலிட்ட அந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்தார். பதினான்கு பெயர்களில் ஒன்பது வெட்டப்பட்டிருந்தன. ஐந்து பெயர்கள் எஞ்சியிருந்தன. "காணியைப் பிரிக்க முன்னால் இதைத் தீருங்கள். கடனுக்குப் பிறகுதானே பங்கு என்று நீ பயான் செய்கின்றாய்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

அத்தொகை மிகச் சிறியது. ஐந்து பேருக்கும் சேர்த்து இன்றைய கூலியில் கணக்கிட்டாலும் ஒரு பெருநாள் உடைக்குப் போதாது. அந்தச் சிறிய தொகையை இருபத்தெட்டு ஆண்டுகள் சுமந்த மனிதரின் பிள்ளைகள் ஒன்றரைப் பரப்புக்காக முகம் திருப்பிக்கொண்டிருந்தோம். முதலில் நானா அழுதார். பிறகு நான்.

அன்று முறைப்படி பிரித்தோம். கடன் தொகை ஒதுக்கப்பட்டது. உம்மாவுக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆண்மக்களுக்கு இரு பங்கு வீதமும் ராத்தாவுக்கு ஒரு பங்கும். ராத்தா தன் பங்கை எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளுமாறு நாங்கள் இருவரும் வற்புறுத்தினோம். எனக்குக் கிடைத்த துண்டில் எழுப்பும் வீடு இன்னும் பூர்த்தியாகவில்லை. ஆனால் நானா யாழ்ப்பாணம் வந்தால் அந்த அரைகுறைச் சுவருக்குள் பாய் விரித்து என்னுடன்தான் தங்குகின்றார்.

ஒருநாள் நபி (ஸல்) அவர்கள் வங்குரோத்தடைந்தவர் யாரென்று தோழர்களிடம் வினவினார்கள். காசும் பொருளும் அற்றவரே என்று தோழர்கள் விடையளித்தார்கள். அன்னார் வேறு விளக்கம் அளித்தார்கள். தொழுகை, நோன்பு, ஸகாத் ஆகியவற்றுடன் மறுமைக்கு வந்தும், ஒருவரை ஏசியமை, ஒருவர் மீது அவதூறு கூறியமை, ஒருவரின் பொருளை உண்டமை ஆகியவற்றுக்காகத் தம் நன்மைகள் யாவற்றையும் அவர்களுக்குக் கொடுத்துத் தீர்த்துவிடும் மனிதரே அவர் என்பது அவ்விளக்கத்தின் சாரமாகும். முஸ்லிம் கிரந்தத்தில் இது பதிவாகியுள்ளது. ஐந்து மாத காலம் நான் அந்தப் பாதையில் நடந்தேன். தொழுகை நடத்திக்கொண்டே நடந்தேன்.

ஆகவே அன்பர்களே, இவ்வாரம் உங்களிடம் மூன்று விடயங்களை மட்டும் வேண்டிக்கொள்கின்றேன். முதலாவது, உங்கள் வீட்டில் பிறருக்குரிய பொருள் எதுவும் இருக்கின்றதா என்று தேடுங்கள். இரவல் வாங்கிய நூலாக இருக்கலாம், திருப்பிக் கொடுக்காத சிறு கடனாக இருக்கலாம், அயலவரின் எல்லைக்குள் ஒரு முழம் நகர்ந்த வேலியாகவும் இருக்கலாம். இரண்டாவது, உங்கள் சகோதரியின் பங்கு கொடுபட்டுவிட்டதா என்று பாருங்கள். அவர் வாய் திறந்து கேட்கவில்லை என்பது அவர் விட்டுக்கொடுத்ததற்கு அத்தாட்சியாகாது. மூன்றாவது, யாரிடமேனும் பேசாதிருப்பீர்களாயின், நியாயம் உங்கள் பக்கமே இருந்தாலும், நீங்களே முந்திக்கொண்டு ஸலாம் சொல்லுங்கள். அவர் முஸ்லிமல்லாத அயலவராயின் அவருடைய வாசலுக்குச் சென்று நலம் விசாரியுங்கள்.

இறுதியாக ஓர் அறிவித்தல். உரியவரைத் தேடிக் கிடைக்காவிடின் அவர் சார்பில் அத்தொகையை ஸதகாச் செய்யலாம் என்பதை நான் அறிவேன். ஆயினும் எஞ்சிய ஐந்து பேரையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றோம். 1990 ஒக்டோபரில் ஐந்துசந்திக்கு அருகிலிருந்த தையற்கடையொன்றில் துணி கொடுத்து, அதனைத் திரும்பப் பெறாதவர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டோ வாசித்துக்கொண்டோ இருந்தால், அன்றேல் அவர்களின் பிள்ளைகள் இருந்தால், எங்களிடம் வாருங்கள். என்ன துணி, எவ்வளவு முற்பணம் என்று நீங்கள் கூறத் தேவையில்லை. அது எங்களிடம் எழுதப்பட்டிருக்கின்றது.

எவராலும் பறிக்கவியலாத செல்வத்தை நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்களை நிறைவேற்றிய நிலையில் நம்மை மரணிக்கச் செய்வானாக. இம்மண்ணிலிருந்து துரத்தப்பட்டோர், இடம்பெயர்ந்தோர், திரும்பி வராதோர் அனைவரின் உள்ளங்களுக்கும் அமைதியை வழங்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.